அடுக்கு ஃபோம் போர்டு இறக்கையை எதனால் ஒட்டுவது, ஏன் முறுக்கிக்கொள்கிறது?

பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைச் சேர்ந்த ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருப்பது இது. ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் ஒன்றுக்காக, 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை மூன்று அடுக்காக ஒட்டி, 1 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இறக்கையை ஆனி மாதத்தில் செய்திருக்கிறார். வெள்ளை ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவி, மேலே நாலைந்து புத்தகங்களை அடுக்கி, மறுநாள் எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க நுனி மேல்நோக்கி முறுக்கியிருந்தது. ஓர் ஓரத்தை வெட்டிப் பார்த்தால், நான்கு நாட்களுக்குப் பிறகும் நடுவில் பசை பால்போல ஈரமாகவே இருக்கிறது. இதைவிட வலுவான பசை எது என்பது அவருடைய கேள்வி.

அவருடைய இறக்கை பசையின் வலு போதாமல் கெடவில்லை. பசை அளவுக்கு மீறி இருந்ததாலும், அது இறுகி முடிவதற்குள் இறக்கை விடுவிக்கப்பட்டதாலும் கெட்டது. தனித்தனியாக வளையக்கூடிய மூன்று அட்டைகளைப் பசை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துவிட்டால், அந்த நேரத்தில் அவை எந்த வடிவில் இருந்தனவோ அந்த வடிவமே நிலைத்துவிடுகிறது. ஆகவே அடுக்கு இறக்கை செய்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது பசை இறுகும் மணிநேரங்களில் இறக்கை எதன்மேல், எப்படிக் கிடக்கிறது என்பதைப் பற்றியே. எந்தப் பசை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்த வழுக்கலைத் தடுப்பதில்தான் அடுக்கு இறக்கையின் முழு வலிமையும் இருக்கிறது. ஒரே சீரான பொருள் என்று எண்ணிக் கணக்கிட்டால், ஒட்டாமல் அடுக்கிய மூன்று அட்டைகள் வளைவை எதிர்ப்பதில் ஓர் அட்டையைப் போல 3 மடங்குதான். முழுமையாக ஒட்டிய மூன்று அட்டைகளோ 27 மடங்கு, ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒட்டுவதால் மட்டும் கிடைக்கும் லாபம் 9 மடங்கு. இந்த லாபத்துக்குப் பசை தடித்த படலமாக இருக்க வேண்டிய தேவையில்லை; ஃபோமைவிட உறுதியாக இருந்தால் போதும். காய்ந்த ஃபெவிகாலின் மெல்லிய படலம்கூட ஃபோமைவிடப் பல மடங்கு உறுதியானது.

பசையின் எடையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர் செய்திருப்பது படியிறக்கை என்று எண்ணுகிறேன். அதில் கீழ் அட்டை முழு அகலத்துக்கும், நடு அட்டை முன்விளிம்பிலிருந்து 75 சதவீதம் வரையிலும், மேல் அட்டை 50 சதவீதம் வரையிலும் இருக்கும். ரிச்சர்ட் க்ளைன், ஃபிளாய்ட் ஃபோகிள்மன் என்ற இருவர் காகித விமானத்துக்காகக் கண்டு 1972-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற படி அமைப்பிலிருந்து வளர்ந்த வகை இது. 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு 15 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 7.5 சதவீதம், பொருத்தமான விகிதமே. இதில் ஒட்டப்படும் பரப்பு இரண்டு மட்டத்திலும் சேர்ந்து கால் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் மெல்லியதாக இழுத்துத் தடவினால் 25 கிராம் பசை போதும். அதில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகையால், காய்ந்தபின் இறக்கையில் தங்குவது 12 அல்லது 13 கிராம். கைபோன போக்கில் ஊற்றிப் பரப்பினால் 300 கிராம் வீதத்தை எளிதில் தொட்டுவிடும். அப்போது 75 கிராம் பசை உள்ளே போகிறது, அதில் 37 கிராம் அளவுக்குத் தண்ணீர். இந்தத் தண்ணீர் வெளியேற வழி எங்கே இருக்கிறது? ஃபோமின் கண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. தண்ணீர் அவற்றினூடே செல்லாது. அட்டைகளின் ஓரத்தில் திறந்திருக்கும் மயிரிழை அகல இடைவெளி ஒன்றுதான் வழி, அதுவும் நடுவிலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் தொலைவில். எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் காற்றே ஈரமாக இருக்கும் மாதத்தில் அது நான்கு நாளில் காயாததில் வியப்பில்லை.

முறுக்கலும் இதே தண்ணீரின் வேலைதான். ஃபோம் போர்டின் இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் தாள் ஈரமானால் நீளும், உலர்ந்தால் சுருங்கும். ஒரு முகத்தில் மட்டும் ஈரப்பசை பட்டால், காயும்போது அந்த முகம் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. இடப்பக்கம் பசை சற்று அதிகம், வலப்பக்கம் குறைவு என்றால் இரு பக்கமும் வேறுவேறு அளவில் இழுபடும், அதுவே முறுக்கு. இதைவிட முக்கியமான, பலரும் கவனிக்காத காரணம் ஒன்றும் உண்டு. இயந்திரத்தில் செய்த தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். நாரின் குறுக்கே தாள் அதிகமாக நீளும், நெடுக்கே குறைவாக நீளும். அட்டையிலிருந்து ஒரு சாண் சதுரத் துண்டை வெட்டி, இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் அதிகம் விறைப்பாக இருக்கும். மூன்று அடுக்கிலும் அந்த விறைப்புத் திசை இறக்கையின் நீளவாக்கிலேயே அமைய வேண்டும். அட்டையை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் அடுக்கை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் வெட்டினால், எந்தப் பசையாலும் அந்த இறக்கையை நேராக வைத்திருக்க முடியாது.

பசைக்கு முன் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ விளம்பரப் பலகை செய்யும் கடையில் ஃபோம் போர்டு என்று கேட்டால் சில சமயம் சன்போர்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது பிவிசி நுரைப் பலகை. 5 மில்லிமீட்டரில் ஒரு சதுர மீட்டர் இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். அதே தடிமனில் தாள் இல்லாத பாலிஸ்டைரீன் ஃபோம் தாள் 150 முதல் 200 கிராம்தான். தாள் ஒட்டிய ஃபோம் போர்டு அதைவிடக் கனம், ஆனால் சன்போர்டுக்கு அருகில்கூட வராது. வாங்குமுன் கையில் தூக்கிப் பாருங்கள், நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள்; நகம் எளிதில் பதிந்தால் சரியான பொருள்.

இனி பசைகளுக்கு வருகிறேன். வெள்ளை ஃபெவிகாலை நான் தள்ளச் சொல்லவில்லை. பாலக்காட்டு வறட்சி நிலவும் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் அதுவே எனக்கு முதல் தேர்வு, ஏனெனில் அது ஃபோமைக் கரைப்பதில்லை, மணம் இல்லை, அட்டையைச் சரியாகப் பொருத்த நிதானமாக நேரம் கொடுக்கிறது, எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறைதான் மாற வேண்டும். காலாவதியான ஏடிஎம் அட்டையால் பசையை இழுத்து, அடியிலுள்ள தாளின் நிறம் வெள்ளைப் படலத்தின் வழியே தெரியும் அளவுக்கு மெல்லியதாக்குங்கள். ஓரம் நெடுகிலும் அடைத்துத் தடவாமல், 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு விரல் அகலம் விட்டுவிட்டால் ஈரத்துக்கு வழி கிடைக்கும். மேல் அட்டையில் குண்டூசியால் 3 அல்லது 4 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தி வைப்பதும் உதவும்; இறக்கையின் வலுவை அந்தத் துளைகள் குறைப்பதில்லை.

ஒட்டும் முகங்களில் இருக்கும் தாளை உரித்துவிடலாமா என்ற கேள்வி இங்கே எழும். வளையும் பொருளில் இழுவிசையும் அமுக்கமும் மேல், கீழ் முகங்களில்தான் அதிகம். நடுவில் மிகக் குறைவு. ஆகவே உள்ளே மாட்டிக்கொள்ளும் தாள்கள் எடையைக் கூட்டுகின்றனவே தவிர விறைப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை, உரித்துவிடுவதே கணக்கின்படி சரி. ஆனால் ஒரு முகத்தை உரித்த அட்டை உடனே மறுபக்கம் வளையத் தொடங்கும். உரித்த முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்தால் இரு வளைவும் ஒன்றையொன்று தள்ளி அடங்கிவிடும். மேலும், வெற்று ஃபோமுக்கும் வெற்று ஃபோமுக்கும் இடையே ஃபெவிகால் காய்வது மிகமிகத் தாமதம். ஆகையால் ஃபெவிகால் என்றால் ஒரு பக்கத் தாளையாவது விட்டுவையுங்கள். இரண்டையும் உரிப்பதென்றால் அடுத்துச் சொல்லும் பசைக்குப் போய்விடுங்கள்.

மழைக்காலத்துக்கு உகந்தது பாலியூரித்தேன் பசை. தச்சர்கள் தண்ணீர் படும் மரவேலைக்கு வாங்கும், தேன் நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும் அந்தப் பசை உலர்வதால் இறுகுவதில்லை. ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. நமக்குத் தொல்லையான ஈரமே அதற்குத் தேவையான பொருள். ஒரு முகத்தில் பசையை மெல்ல இழுத்துவிட்டு, எதிர் முகத்தை நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். இறுகும்போது அது ஏறத்தாழ மும்மடங்கு நுரைத்து எழும்; அதனால்தான் ஃபெவிகாலுக்கு வைப்பதைவிட அதிக பாரத்தை, பரப்பு முழுவதும் சீராக வைக்க வேண்டும். பாரம் குறைந்த இடத்தில் நுரை அட்டையைத் தூக்கி முண்டு எழுப்பிவிடும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தோலில் பட்ட கறை நாள்கணக்கில் போகாது.

சிலவற்றைத் தொடவே கூடாது. மஞ்சள் நிற ரப்பர் கரைசல் பசைகள், பிவிசி குழாய்க்கான சிமெண்ட், சாதாரண ஃபெவிக்விக் வகைப் பசைகள் ஆகியவை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். தாள்தான் நடுவில் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெட்டிய ஓரத்தின் வழியாகவும் தாளில் உள்ள ஊசித் துளைகள் வழியாகவும் கரைப்பான் உள்ளே போய், வெளியே தெரியாமல் குழி பறித்துவிடும். ஃபோமுக்கென்றே செய்த சயனோஅக்ரிலேட் தனியாகக் கிடைக்கிறது. விலை அதிகம், பரப்பை ஒட்ட ஏற்றதுமல்ல. எதை வாங்கினாலும் முதலில் ஒரு துண்டில் தடவி ஒரு மணிநேரம் காத்திருந்து பாருங்கள்.

துப்பாக்கியில் உருக்கி இடும் ஹாட் க்ளூ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மாணவர்கள் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கிறார்கள். பரப்புகளை ஒட்ட அது உதவாது. ஒரு மீட்டர் நீளத்துக்குப் பரப்பி முடிப்பதற்குள் முதலில் இட்டது ஆறிக் கட்டியாகிவிடும். உள்ளே வரப்பு வரப்பாக நின்று மேல் அட்டை அலைபோல மேடு பள்ளமாகிவிடும். பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்குவதால், துப்பாக்கி முனையிலிருந்து நேரே விழும் பசை ஃபோமில் பள்ளமும் ஏற்படுத்தும். நான் அஞ்சுவது இவற்றைவிட வெயிலுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் சித்திரை மாதப் பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ, கறுப்பு வண்ணம் பூசிய இறக்கையின் மேலோ வெப்பம் அதைவிட வெகுவாக ஏறி, ஹாட் க்ளூ இளகும் எல்லையை நெருங்கிவிடும். வலுவுக்காக இறக்கையின் உள்ளே நீளவாக்கில் வைக்கும் நடுக்குச்சியை ஹாட் க்ளூவால் மட்டும் ஒட்டியிருந்த என் இறக்கையொன்று, அறுவடை முடிந்த வயலில் நண்பகல்வரை காத்திருந்துவிட்டு மேலே ஏறியதும், முதல் திருப்பத்திலேயே நடுவில் மடங்கியது. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தபோது குச்சி முறியாமல், பசையிலிருந்து வழுவி வெளியே வந்திருந்தது. அன்று முதல் நடுக்குச்சிக்கும், இடவல இறக்கைகள் சேரும் நடு இணைப்புக்கும், மோட்டார் தாங்கிக்கும் அரால்டைட் போன்ற எபாக்ஸி தவிர வேறொன்றையும் நான் பயன்படுத்துவதில்லை. எபாக்ஸி ஃபோமைக் கரைப்பதில்லை. ஆனால் காயும்போது எடை குறையாத பொருள் என்பதால், பரப்பு முழுவதும் தடவினால் இறக்கை கனத்துவிடும்.

நடுக்குச்சிக்குக் கார்பன் குழாய் கிடைக்காவிட்டால் நன்கு முற்றி உலர்ந்த மூங்கில் பத்தை போதும். நடு அட்டையில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்துக்குள், குச்சியின் அகலத்துக்குக் கால்வாய் வெட்டி அதில் படுக்கவையுங்கள். விமானத்தின் எடைமையமும் ஏறக்குறைய அங்கேயே வரப்போகிறது. பச்சை மூங்கில் வேண்டாம்; அது உள்ளே காய்ந்து வளைந்தால் இறக்கையையும் கூடவே வளைக்கும்.

இனி ஒட்டும் நாள். அடித்தளம் முற்றிலும் சமமாக இருக்க வேண்டும். கட்டிலும் சாப்பாட்டு மேசையும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் ஒரு மீட்டர் நீளத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தொய்ந்திருக்கும். வீட்டில் அலமாரித் தட்டுக்கு வாங்கி மிஞ்சிய கடப்பா கல்லோ, தடித்த கண்ணாடியோ, கிரானைட் துண்டோ இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. அதன்மேல் பாலித்தீன் தாளை விரித்து, பசையில்லாமல் எல்லா அடுக்கையும் ஒருமுறை அடுக்கிப் பார்த்து, ஓரங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பசை தடவிய அட்டையை நடுவில் முதலில் தொடவைத்து, இரு நுனிகளை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனால் காற்று அடைபடாது. ஈரப்பசைமேல் அட்டை மெதுவாக நழுவும். நான்கைந்து இடங்களில் குண்டூசியைச் சாய்வாகக் குத்தி நிறுத்துங்கள்.

பாரத்துக்குப் புத்தகம் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். இரண்டும் தங்கள் விளிம்பில் மட்டும் அழுத்தும்; படியிறக்கையில் உயரம் மாறும் இடங்களில் அவை பாலம்போல நின்றுவிடும். கழுவிக் காயவைத்த பால் கவர்களில் முக்கால் அளவுக்கு மணல் நிரப்பி, வாயை ஒட்டி, இருபது இருபத்தைந்து மூட்டைகள் செய்து வைத்துக்கொண்டால் அவை படிகளின் மேல் படிந்து எல்லா இடத்திலும் சமமாக அழுத்தும். பிறகு பொறுமை. வறண்ட மாதங்களில் ஃபெவிகாலுக்கு ஒரு முழு நாள், ஆடியில், அதாவது மலையாளக் கணக்கில் கர்க்கடகத்தில், மூன்று நாள். பாலியூரித்தேனுக்கு எப்போதும் ஒரு நாள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், ஒரு முகம் மட்டும் சூடேறிக் காய்ந்து வளையும். மின்விசிறிக் காற்று இரு ஓரத்திலும் படும்படி அறைக்குள் இருப்பதே நல்லது.

பசை இறுகும்போதுள்ள வடிவம் நிலைத்துவிடும் என்ற இயல்பை நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வீசும் மேற்குக் காற்றில் விமானத்தின் வேகம் திடீரென்று குறைந்தால், ஒரு பக்க நுனி முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் கவிழும். இதைத் தள்ளிப்போட, நுனிப் பகுதியில் பின்விளிம்பு சற்று மேலே ஏறியிருக்க வேண்டும். பசை இறுகும் நேரத்தில் இரு நுனிகளிலும் பின்விளிம்பின் அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு அட்டைத் துண்டை வைத்து, மேலே மணல் மூட்டையும் வைத்துவிட்டால், 20 சென்டிமீட்டர் அகலத்தில் அது ஒன்றரை டிகிரி அளவுக்கு நிலையான திருப்பமாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே தடிமன், ஒரே இடம் என்பதை அளவுகோலால் உறுதி செய்யுங்கள். அவருடைய இறக்கையில் தானாக வந்ததும் இதே வகைத் திருப்பம்தான். ஒரு பக்கம் மட்டும் வந்ததால் அது குறையாகிவிட்டது.

ஒட்டு சரியா என்று அறிய, ஒட்டும்போதே அதே பசையால் ஒரு சோதனைத் துண்டையும் ஒட்டி வைத்து, பிறகு பிளந்து பாருங்கள். ஃபோம் கிழிந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது. பசை வழவழப்பாகக் கழன்று வந்தால் பரப்பில் எண்ணெயோ மெழுகுப் பூச்சோ இருக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். தாள் ஃபோமிலிருந்து உரிந்து வந்தால், ஆலையில் தாளை ஒட்டிய ஒட்டே பலவீனம். அதற்கு மேல் எவ்வளவு விலையுள்ள பசையைப் போட்டாலும் பயனில்லை, தாளை உரித்தே ஒட்ட வேண்டும்.

இறக்கையை விமானத்தில் பூட்டி, பேட்டரியோடு சேர்த்து, இரு நுனிகளையும் விரல்களால் பிடித்துத் தூக்குவது நல்ல சோதனை. பறக்கும்போது தூக்குவிசை நீளம் முழுவதும் பரவியிருக்கும். நுனியில் பிடித்துத் தூக்கும்போது முழுப் பாரமும் நுனிகளுக்கு வருவதால், நடுவில் ஏற்படும் வளைவுவிசை நேராகப் பறக்கும்போது ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது இறக்கை தாங்க வேண்டியதும் அதே இரு மடங்குதான். விமானத்தின் எடைக்குச் சமமான மணல் மூட்டையை நடுவில் வைத்து மறுபடி தூக்கினால் நான்கு மடங்கு ஆகிவிடும். அதைச் சத்தமின்றித் தாங்கும் இறக்கையை நான் காற்றில் நம்பி அனுப்புவேன். ‘படக்’ என்று ஓர் ஒலி கேட்டாலும் அனுப்ப மாட்டேன்.

இப்போது கையிலிருக்கும் இறக்கையைக் காப்பாற்ற முயலலாம். மேலும் கீழும் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி, சமமான கல்லின் மேல் மணல் மூட்டைகளோடு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நடுப்பசை முழுதும் காய்ந்தபின்னும் முறுக்கு எஞ்சியிருந்தால், ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் சூடாக்கி, முறுக்குக்கு எதிர்த்திசையில் சற்றே அதிகமாகத் திருப்பி, ஆறும்வரை பாரத்தின் கீழ் பிடித்து வையுங்கள்; ஃபெவிகால் சூட்டில் இளகும் இயல்புடையது, ஓரளவு இணங்கும். அதற்குப் பிறகும் இரு நுனிகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த இறக்கையை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் மோட்டாரும், திருப்பும் பலகைகளை அசைக்கும் சர்வோவும், பேட்டரியும் மூன்று ஃபோம் அட்டைகளைவிடப் பல மடங்கு விலையுள்ளவை. புதியதை இந்த மழையிலேயே செய்வதானால் பாலியூரித்தேன். ஃபெவிகால்தான் வேண்டுமென்றால் தை மாதம்வரை பொறுத்திருங்கள்.